30 கோடி பேர் பேசுறத எங்க வச்சுக்குவாங்க? ஒரு பேனா பேப்பர் கணக்கு

அரசாங்கம் எல்லாரையும் ஒட்டுக்கேக்குதுன்னு பேச்சு வந்தாலே கூட்டத்துல யாராவது ஒருத்தர் ரொம்ப நிதானமா ஒரு பாயிண்ட் சொல்வாரு. "ஏம்ப்பா, அத்தனை கோடி பேர் பேசுறத எவன் உக்காந்து கேப்பான், அது இருக்கட்டும், அம்புட்டையும் போட்டு வைக்க எடம் எங்க இருக்கு?" கேக்க நியாயமாத்தான் தெரியும், நானும் ரொம்ப நாள் இதத்தான் நம்பிட்டு இருந்தேன். இதுக்கு நேர் எதிரா இன்னொரு கோஷ்டி இருக்கு, நீ பாத்த ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொரு மீமும் அவன்கிட்ட பத்திரமா இருக்குன்னு அடிச்சுச் சொல்வாங்க. ரெண்டு பேருமே உக்காந்து கணக்கு போட்டுப் பாக்கலன்னுதான் நான் சொல்வேன். கணக்கு ஒண்ணும் பெருசு இல்ல, எட்டாங்கிளாஸ் பெருக்கல் வகுத்தல் போதும், சைபர எண்ணும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேணும்.

எந்த நாட்ட எடுத்துக்கலாம்னா, அமெரிக்காதான் வசதி. அவங்க மட்டும்தான் செய்றாங்கன்னு இல்ல, அவங்களோட காகிதம்தான் வெளிய வந்துருச்சு. 2013 ஜூன்ல எட்வர்ட் ஸ்னோடன்னு ஒருத்தர், என்எஸ்ஏ-ங்கிற அவங்களோட உளவு அமைப்புக்கு கான்ட்ராக்ட்ல வேலை பாத்தவரு, கட்டுக்கட்டா ஆவணங்கள எடுத்துட்டுப் போய் ஹாங்காங்ல வச்சு பத்திரிகைக்காரங்ககிட்ட குடுத்தாரு. முதல்ல வெளிய வந்தது ஒரு கோர்ட் ஆர்டர். வெரைசன் போன் கம்பெனி தன்னோட லைன்ல போற எல்லா கால் விவரத்தையும் தினமும் என்எஸ்ஏகிட்ட ஒப்படைக்கணும், இதப்பத்தி வெளிய மூச்சு விடக் கூடாது. இதுக்கு மூணு மாசம் முன்னாடி, மார்ச்ல, செனட்ல ரான் வைடன்ங்கிற உறுப்பினர், கோடிக்கணக்கான அமெரிக்கர்களப் பத்தி ஏதாவது டேட்டா சேக்குறீங்களான்னு நேரடியா கேட்டாரு, உளவுத்துறைத் தலைவரா இருந்த ஜேம்ஸ் கிளாப்பர் "இல்ல சார்"ன்னு சொல்லிட்டு, தெரிஞ்சே செய்யலன்னு ஒரு வாலையும் சேத்துவிட்டாரு. சரி, அந்த அரசியல் இருக்கட்டும், நமக்கு வேண்டியது சைஸ்.

சைஸ்னா முதல்ல பைட். ஒரு பைட்ட ஒரு அரிசின்னு வச்சுக்கோங்க. ஒரு கிராமுக்கு சுமாரா 50 அரிசி வரும். அப்ப ஆயிரம் அரிசி, அதாவது ஒரு கிலோபைட், 20 கிராம், ஒரு பிடிகூட இல்ல. ஒரு மெகாபைட் 20 கிலோ, ஒரு சிப்பத்துக்கு கொஞ்சம் கம்மி. ஒரு ஜிகாபைட் 20 டன், ரெண்டு லாரி லோடு. ஒரு டெராபைட் 20,000 டன், இதுக்கு லாரி பத்தாது, வரிசையா கூட்ஸ் ரயில் வேணும். அதுக்கு மேல பெட்டாபைட், ரெண்டு கோடி டன். அதுக்கும் மேல எக்ஸாபைட், உலகம் பூரா ஒரு வருஷத்துக்கு விளையுற அரிசிய 40 வருஷம் சாப்பிடாம சேத்து வச்சா கிட்டத்தட்ட வரும். அதுக்கு மேல ஜெட்டாபைட், அதுக்கும் மேல யோட்டாபைட், ஒண்ணு போட்டு 24 சைபர். ஒவ்வொரு படியும் முந்தினத விட ஆயிரம் மடங்கு, இது மட்டும் மனசுல நின்னா போதும். அந்த 20,000 டன், அதான் ஒரு டெராபைட், இன்னிக்கி சட்டப்பையில அடங்குற டப்பால கடையில கெடைக்குது. 2013ல கடையில கெடச்ச பெரிய டிஸ்க்னா 4 டெராபைட், விலை 200 டாலர் பக்கம்னு வச்சுக்கலாம், இப்ப 20 டெராபைட் சாதாரணம்.

இப்ப அந்த வெரைசன் ஆர்டர்ல கேட்டது என்னன்னு பாப்போம். பேச்ச கேக்கல. எந்த நம்பர்லேருந்து எந்த நம்பருக்கு, எத்தன மணிக்கு, எவ்ளோ நேரம், இந்த மாதிரி விவரம்தான். இதத்தான் மெட்டாடேட்டான்னு சொல்றாங்க. லெட்டர்ல உள்ள இருக்குற காகிதம் பேச்சுன்னா, கவர் மேல இருக்குற ரெண்டு அட்ரஸும் போஸ்ட் ஆபீஸ் முத்திரையும் மெட்டாடேட்டா. ஒரு காலுக்கு தாராளமா 500 பைட் குடுத்துருவோம், பத்து கிராம் அரிசி. அமெரிக்கால அப்ப சுமார் 32 கோடி பேரு, கொழந்தையும் கெழவியும் சேத்து ஆளுக்கு நாளைக்கு பத்து கால் பண்றாங்கன்னு வச்சாலும் 320 கோடி கால், பெருக்கினா ஒரு நாளைக்கு 1.6 டெராபைட். வருஷத்துக்கு 600 டெராபைட்டுக்கு கொஞ்சம் கம்மி. அந்தத் திட்டத்துல அஞ்சு வருஷம் வச்சுக்கலாம்னு விதி இருந்துச்சு, அஞ்சு வருஷத்துக்கு 3 பெட்டாபைட். இன்னிக்கி டிஸ்க்ல 150. ஒரு சர்வர் பெட்டிக்குள்ள 60 டிஸ்க் வரைக்கும் சொருகுற மாதிரி வருது, அப்ப மூணு பெட்டி. ஒரு நாட்டோட அஞ்சு வருஷத்து போன் உறவு மொத்தமும் ஒரு இரும்பு பீரோவுக்குள்ள அடங்கிருது, துணி வைக்கக்கூட எடம் மிச்சம் இருக்கும்.

நான் மொத தடவ இந்தக் கணக்கு போட்டப்ப எங்கயோ மூணு சைபர் விட்டுட்டேன்னு நெனச்சு திரும்பத் திரும்ப பெருக்கிப் பாத்தேன். தப்பு இல்ல. வாஷிங்டன் போஸ்ட்ல 2013 டிசம்பர்ல வந்த செய்தி இத விட அதிர்ச்சி. உலகம் பூரா செல்போன் எங்கெங்க நகருதுங்கிற லொக்கேஷன் பதிவு நாளைக்கு கிட்டத்தட்ட 500 கோடி சேக்குறாங்க, ஆவணத்துல ஒரு இடத்துல அந்தச் சேமிப்போட அளவு 27 டெராபைட்னு போட்டிருக்கு. 27தான். இப்ப ரெண்டு டிஸ்க் வாங்குனா அம்புட்டும் அடங்கிரும், எடமும் மிச்சம் இருக்கும்.

வெறும் நம்பர வச்சு என்ன பண்ணிருவான்னு கேக்குறவங்களுக்கு: ஒருத்தர் காலைல ஒரு ஸ்கேன் சென்டருக்குப் பேசுறாரு, மத்தியானம் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு, அப்புறம் வெளியூர்ல இருக்குற அக்காவுக்கு முக்கால் மணி நேரம், சாயந்தரம் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு. என்ன பேசினாருன்னு கேக்கணுமா? பேச்சுல ஆளு பொய் சொல்லலாம், கிண்டல் பண்ணலாம், மழுப்பலாம், நம்பரும் நேரமும் மழுப்பாது. அதோட கம்ப்யூட்டருக்கு பேச்ச விட இதுதான் சுலபமான தீனி, வரிசைப்படுத்தி நிமிஷத்துல தேடிரும். என்எஸ்ஏக்கும் சிஐஏக்கும் தலைவரா இருந்த மைக்கேல் ஹெய்டன் 2014ல ஒரு மேடையில, மெட்டாடேட்டாவ வச்சுதான் நாங்க ஆளக் கொல்றோம்னே சொன்னாரு.

ஒரு நம்பர் மேல சந்தேகம் வந்தா அவரு யார்கூட பேசினாரு, அவங்க யார்கூட, அவங்க யார்கூடன்னு மூணு தாவு தாவிப் பாக்கலாம்னு விதி. ஆளுக்கு 100 பேர் தொடர்புன்னா முதல் தாவுல 100, அடுத்ததுல 10,000, மூணாவதுல பத்து லட்சம். ஊர்ல பீட்சா கடைக்கு போன் பண்ணவன் எல்லாம் உள்ள வந்துருவான். 2014 ஜனவரில ஒபாமா மூண ரெண்டாக் கொறச்சாரு.

அடுத்து பேச்சு. செல்போன் நம்ம குரல நல்லா நசுக்கித்தான் அனுப்பும், அதனாலதான் பாட்டு போட்டா போன்ல கேவலமா கேக்குது. நொடிக்கு ஒண்ணரை கிலோபைட்தான். ஒரு மணி நேரம் பேசினா அஞ்சரை எம்பி, ஒரு நல்ல போட்டோ சைஸ். தினமும் அர மணி நேரம் பேசுற ஆளுக்கு வருஷத்துக்கு 1 ஜிபி. 32 கோடி பேருக்கு 32 கோடி ஜிபி, அதாவது 320 பெட்டாபைட். (ஒரு காலுக்கு ரெண்டு பக்கம் இருக்கே, ரெண்டு தடவ எண்ணிட்டீங்களேன்னு கேட்டீங்கன்னா சரிதான், பாதியாக் கொறைங்க, என் வாதத்துக்கு இன்னும் வசதி.) 2013 டிஸ்க்ல 80,000, ஒண்ணேமுக்கால் கோடி டாலர்கூட வராது. சர்வர், கரண்ட், ஏசி, ஆள் சம்பளம், ஒண்ணு கெட்டா இன்னொண்ணுன்னு காப்பி எல்லாம் சேத்து பத்து மடங்கா வச்சாலும் 16 கோடி டாலர். அந்த வருஷம் என்எஸ்ஏ பட்ஜெட் 1,080 கோடி டாலர், அதுவும் ஸ்னோடன் காகிதத்துலேருந்துதான் தெரிஞ்சது. பழைய வெப்சைட்டெல்லாம் சேத்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ நடத்துற ப்ரூஸ்டர் கேல், பெட்டாபைட் கணக்குல டிஸ்க் வாங்கி பராமரிக்கிற அனுபவஸ்தர், அவரும் அந்தச் சமயத்துல இதே மாதிரி ஒரு கணக்கு போட்டு, அமெரிக்காவோட ஒரு வருஷத்து போன் பேச்ச வைக்க 3 கோடி டாலருக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னாரு.

கவனிங்க, முடியும்ங்கிறது வேற, செஞ்சாங்கங்கிறது வேற. அமெரிக்கர்களோட எல்லாப் பேச்சையும் பதிவு பண்ணி வச்சாங்கன்னு அந்த ஆவணங்கள்ல இல்ல. ஆனா ஒரு நாட்டோட மொத்தப் பேச்சையும் பதிவு பண்ணது இருக்கு. 2014 மே மாசம் வந்த செய்தி, பஹாமாஸ்ல நடக்குற செல்போன் பேச்சு பூரா பதிவாகி 30 நாள் வரைக்கும் இருக்கும், பழசு தானா அழிஞ்சு புதுசு ஏறும், சிசிடிவி மாதிரி. அந்த ஊர்ல நாலு லட்சம் பேர்கூட இல்ல. நம்ம கணக்குல போட்டா ஒரு மாசப் பேச்சு 30 டெராபைட், அப்பத்திய டிஸ்க்ல எட்டு. சுற்றுலா போறவன் ஹோட்டல் ரூம்ல டிவி பாக்குற நாடு, அதுக்கு எட்டு டிஸ்க். இன்னிக்கி ஒருத்தன் மேல சந்தேகம் வந்தா போன மாசம் அவன் பேசுனத திரும்பப் போய் கேக்கலாம், ஒட்டுக்கேக்குறதுல இது புது ரகம். பழைய காலத்துல சந்தேகம் மொதல்ல, டேப்பு அப்புறம். இதுல டேப்பு மொதல்ல ஓடிட்டே இருக்கும், சந்தேகம் மெதுவா வந்து சேந்துக்கும்.

இதுவரைக்கும் பாத்தா எல்லாமே முடியும் போலத்தான் இருக்கு. முட்டுற எடம் இன்டர்நெட்.

கண்ணாடி இழைக் கேபிள்ல வெளிச்சம்தான் போகுது, அத ஒரு கருவி வச்சு ரெண்டாப் பிரிச்சா ஒண்ணு போற எடத்துக்குப் போகும், இன்னொண்ணு உளவுக்காரன் ரூமுக்குப் போகும். சான் பிரான்சிஸ்கோல ஏடி&டி போன் கம்பெனி கட்டடத்துல 641ஏ-ன்னு ஒரு பூட்டுன ரூம் இதுக்கே இருந்துச்சு, அங்க வேலை பாத்த மார்க் க்ளைன்ங்கிற டெக்னீஷியன் 2006லயே வெளிய சொல்லிட்டாரு, அப்ப ஊர் அவ்வளவாக் கண்டுக்கல. பிரிட்டன்ல என்எஸ்ஏவோட கூட்டாளி ஜிசிஹெச்க்யூ, கார்ன்வால் கடற்கரை பக்கம் கடலுக்கடி கேபிள் கரையேறுற எடத்துல இதையே பெருசா செஞ்சாங்க, பேரு டெம்போரா. 200 கேபிளுக்கு மேல கை வச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணும் நொடிக்கு 10 ஜிகாபிட். எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட். எட்டால வகுத்து 86,400 நொடியால பெருக்குங்க, நாளைக்கு 21 பெட்டாபைட்டுக்கு மேல வரும். அஞ்சு வருஷத்துக்கு 3 பெட்டாபைட்னு பாத்தோமே, இது ஒரே நாளைக்கு அதுல ஏழு மடங்கு. அதனால என்ன பண்ணாங்க? உள்ளடக்கத்த மூணு நாள் வச்சுக்கிட்டாங்க, மெட்டாடேட்டாவ 30 நாள். உள்ள வரும்போதே சினிமா டவுன்லோடு மாதிரி பெரிய சரக்கத் தூக்கி வெளிய போட்டாங்க, அதுலயே 30 சதவீதம் கொறஞ்சிருச்சாம். உளவுத்துறைக்கும் திருட்டு டிவிடி குப்பைதான்.

இந்த எடத்துலதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. எத எவ்ளோ நாள் வச்சிருந்தாங்கன்னு வரிசையாப் பாருங்க, கேபிள் உள்ளடக்கம் மூணு நாள், குட்டி நாட்டுக் குரல் ஒரு மாசம், போன் மெட்டாடேட்டா அஞ்சு வருஷம். சைஸ் சின்னதாக சின்னதாக ஆயுசு நீளுது. மனசாட்சியோ சட்டமோ போட்ட வரம்புன்னு நாம நெனைக்கிறதுல பாதி டிஸ்க் விலை போட்ட வரம்பு, டிஸ்க் விலை எறங்க எறங்க அதுவும் நகரும்.

எல்லாத்தையும் வச்சிருக்கான் கோஷ்டிக்கும் ஒரு கணக்கு. யூட்டாவுல ப்ளஃப்டேல்ங்கிற ஊர்ல என்எஸ்ஏ ஒரு டேட்டா சென்டர் கட்டுச்சு, சுமார் 150 கோடி டாலர். கட்டும்போதே யோட்டாபைட் கணக்குல டேட்டா வைக்கப் போறாங்கன்னு பத்திரிகைல அடிபட்டுச்சு, இன்னிக்கும் ஷேர் ஆகிட்டுதான் இருக்கு. ஒரு யோட்டாபைட்டுக்கு 4 டெராபைட் டிஸ்க் எத்தன வேணும்? 25,000 கோடி. உலகத்துல டிஸ்க் விற்பனை உச்சத்துல இருந்த 2010ல மொத்தமா வித்ததே சுமார் 65 கோடிதான், அந்த வேகத்துல ஒண்ணுவிடாம என்எஸ்ஏவே வாங்குனாலும் 380 வருஷம் ஆகும். ஒரு டிஸ்க்குக்கு 6 வாட்னா 15 லட்சம் மெகாவாட், அப்ப உலகம் எரிச்ச கரண்ட்ல பாதிக்கு மேல. அந்தக் கட்டடத்துக்கு இழுத்த கரண்ட் 65 மெகாவாட். அதுக்கே 2013ல உள்ள மின்சாரம் வெடிச்சு வெடிச்சு தெறக்கவே தாமதமாச்சு.

கரண்ட் பில்ல வச்சு உளவு பாக்குறவனயே உளவு பாக்கலாம்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 65 மெகாவாட்ட, சர்வர் ஏசி எல்லாம் சேத்து டிஸ்க்குக்கு 20 வாட்னு வகுங்க, 32 லட்சம் டிஸ்க், 13 எக்ஸாபைட். கட்டட வரைபடத்தப் பாத்து நிபுணர்கள் சொன்ன மதிப்பும் 3லேருந்து 12 எக்ஸாபைட். பெருசுதான், ஆனா 2013ல உலக இன்டர்நெட்ல மாசத்துக்கு 50 எக்ஸாபைட் ஓடிச்சு, எல்லாத்தையும் புடிச்சு வச்சா ஒரு வாரத்துல ரொம்பி வழிஞ்சிரும். நீங்க ராத்திரி பாத்த காமெடி க்ளிப் அங்க பத்திரமா இல்ல, கவலைப்படாதீங்க. பாத்தீங்கங்கிற தகவல்தான் இருக்கலாம், அதுக்கு ஒரு பிடி அரிசி எடம் போதும்.

நிறைய சேக்குறதுல வர்ற கூத்தையும் சொல்லணும். 2011ல ஈரான்ல அவங்க கண்காணிச்சுட்டிருந்த ஒருத்தரோட யாஹூ அக்கவுண்ட்ட எவனோ ஹேக் பண்ணி கண்டமேனிக்கு ஸ்பேம் அனுப்பிட்டான். அவரு காண்டாக்ட் லிஸ்ட்ல ஆயிரக்கணக்குல மெம்பர் இருக்குற குரூப்பெல்லாம் இருந்துச்சு, ஸ்பேம் போன எடமெல்லாம் அவரு பேரும் அட்ரஸ் புக்குல ஏற, அது அத்தனையும் உளவு சர்வர்ல வந்து கொட்ட, ஒன்பது நாள் தாக்குப்புடிச்சுட்டு கடைசில அவசர அவசரமா அந்த ஆள கண்காணிக்கிறதயே நிறுத்துனாங்க. ஸ்பேம் நம்ம இன்பாக்ஸ மட்டும் நாசம் பண்ணல.

வேற ஒரு காலத்தோட ஒப்பிட்டா இன்னும் தெளிவாகும். கிழக்கு ஜெர்மனில ஸ்டாஸின்னு ரகசிய போலீஸ் இருந்துச்சு, ஒண்ணேமுக்கால் கோடிக்கும் கம்மியான ஜனத்துக்கு 90,000 முழுநேர ஊழியர், அதுபோக அக்கம்பக்கத்துல ஒற்று சொல்றவங்க ஒண்ணேமுக்கால் லட்சத்துக்கும் மேல. விட்டுட்டுப் போன ஃபைல் அலமாரிய நீட்டி வச்சா 111 கிலோமீட்டர், சென்னைலேருந்து திண்டிவனத்துக்கு ஒரு எட்டு முன்னாடி வரைக்கும். ஒரு மீட்டருக்கு பத்தாயிரம் தாள், தாளுக்கு ரெண்டு பக்கம், பக்கத்துக்கு 2 கிலோபைட்னு போட்டா அத்தனையும் எழுத்தா நாலரை டெராபைட். இன்னிக்கி ஒரே டிஸ்க்ல கால்வாசி. மிச்ச முக்கால்வாசி காலியா கெடக்கும். அந்த 90,000 பேருக்கு சம்பளம், சாப்பாடு, பென்ஷன் குடுக்கணும்ங்கிறதே ஒரு தடையா இருந்துச்சு, அந்தத் தடை இப்ப இல்ல.

"எவன் உக்காந்து கேப்பான்"ங்கிற கேள்வி மட்டும் பாதி உண்மை. சேத்து வைக்கிறது சுலபமானதால கண்டுபிடிக்கிறது சுலபமாயிரல. பாஸ்டன் மாரத்தான்ல 2013 ஏப்ரல்ல குண்டு வெடிச்சது, வச்ச அண்ணன் தம்பில மூத்தவனப் பத்தி ரஷ்யாக்காரங்க 2011லயே எஃப்பிஐக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தாங்க, பேரோட. எத்தன டிஸ்க் இருந்து என்ன? 2014 ஜனவரில அமெரிக்க அரசோட தனியுரிமைக் கண்காணிப்பு வாரியம் அந்த போன் திட்டத்த ஆராஞ்சு, அதனால ஒரு தீவிரவாத விசாரணைலகூட உருப்படியா ஒரு வித்தியாசம் வந்ததா தெரியலன்னு எழுதுச்சு. 2015ல சட்டம் மாத்தி, மொத்தமா அள்ளுறத நிறுத்தி, போன் கம்பெனிகிட்டயே டேட்டா இருக்கட்டும், வேணும்ங்கிறப்ப கேட்டு வாங்கிக்கலாம்னு ஆக்குனாங்க, 2019ல அதையும் விட்டாச்சு. பழைய திட்டம் சட்ட விரோதம்னு 2020 செப்டம்பர்ல ஒரு அப்பீல் கோர்ட் சொன்னப்ப ஸ்னோடன் ரஷ்யாவுல ஏழு வருஷம் கழிச்சிருந்தாரு.

இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்னன்னு இருந்துரவும் முடியல. 2013 மார்ச் ஒரே மாசத்துல உலகம் பூரா என்எஸ்ஏ அள்ளுன 9,700 கோடி பதிவுல இந்தியாவோடது 630 கோடி, நாடுகள் வரிசைல அஞ்சாவது எடம். அது வெளியாள் பாக்குறது. நம்ம ஊர்லயே போன் கம்பெனிங்க கால் விவரத்த குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருக்கணும்னு லைசென்ஸ் விதி இருந்துச்சு, 2021 டிசம்பர்ல அத ரெண்டு வருஷமாக்குனாங்க. பெருசா யாரும் சத்தம் போடல. அதே பேனா பேப்பர எடுங்க, 115 கோடி கனெக்ஷன், நாளைக்கு பத்து கால், காலுக்கு 500 பைட், ரெண்டு வருஷம். நாலேகால் பெட்டாபைட்டுக்கு ஒரு துளி கம்மி, 210 டிஸ்க், நாலு சர்வர் பெட்டி. ஒவ்வொரு கம்பெனியும் அதது தனித்தனியாத்தான் வச்சிருக்கு, ஆனா என்னிக்காவது ஒண்ணா சேக்கணும்னு தோணுச்சுன்னா அதுக்கும் ஒரு பீரோ போதும், காப்பிக்கு ஒண்ணு சேத்து ரெண்டு.